டிரெய்னர் “போதும் மேடம்” என்றால்: வெயிட் தூக்கத் தொடங்கும் பெண்களுக்கு

அன்று காலை கேஸ் தீர்ந்துவிட்டது. பால்கனியில் இருந்த நிறை சிலிண்டரைச் சாய்த்து உருட்டி, வாசற்படி வந்த இடத்தில் தம் கட்டித் தூக்கி, அடுப்படிக்குக் கொண்டுவந்து மாட்டிவிட்டுத்தான் ஜிம்முக்குக் கிளம்பினேன். உள்ளே இருக்கும் கேஸ் 14.2 கிலோ, இரும்புக் கூடும் ஏறக்குறைய அதே அளவு, ஆக மொத்தம் 30 கிலோ. ஜிம்மில் அது எனக்கு முதல் நாள். டிரெய்னர் ரோஸ் கலரில் ஒரு ஜோடி டம்பெல் எடுத்துக் கொடுத்தார், ஒவ்வொன்றும் 2 கிலோ. “லேடீஸ் கே லியே பஸ் ஹே மேடம், டோனிங் ஹோ ஜாயேகா” என்றார். பெண்களுக்கு இதுவே போதுமாம், உடம்பு டோன் ஆகிவிடுமாம்.

ஆறு வருடம் ஆகிவிட்டது. எனக்கு இப்போது 46 வயது, உடல் எடை 58 கிலோ, தரையிலிருந்து 85 கிலோ டெட்லிஃப்ட் எடுக்கிறேன். இதற்குள் மூன்று டிரெய்னர்களைப் பார்த்துவிட்டேன். மூவரிடமும் கற்றுக்கொண்டேன், மூவரோடும் வாக்குவாதமும் செய்திருக்கிறேன். சில முறை நான் சொன்னது சரி, சில முறை அவர்கள் சொன்னதுதான் சரி. மும்பை செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயிலின் லேடீஸ் டப்பாவில் கூட வரும் பெண்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? டிரெய்னர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது? இரண்டாவதற்குத்தான் பதில் நீளம்.

பணம் கட்டும் முன்

ஒரு நாள் டிரையல் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். வேலை முடிந்து நீங்கள் வழக்கமாக வரப்போகும் நேரத்திலேயே போய்ப் பாருங்கள். மத்தியானம் காலியாக இருக்கும் ராக் (பார், அதாவது பிளேட் மாட்டும் நீளக் கம்பி, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம்), சாயங்காலம் ஏழு மணிக்குக் கிடைக்காது.

ஏ.சி.யையும் டிரெட்மில் வரிசையையும் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் ஸ்குவாட் ராக்கைப் பாருங்கள். அதில் குறுக்கே போடுகிற சேஃப்டி ராடுகள் இருக்க வேண்டும். கீழே உட்கார்ந்து எழ முடியாமல் போனால் பார் அந்த ராடில் போய் உட்காரும், உங்கள் மேல் விழாது. அடுத்து பாரின் இரு முனையிலும் மாட்டும் வட்டத் தட்டுகளில், 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கே ஆகச் சிறியது 2.5 கிலோ என்றால், பக்கத்துக்கு ஒன்று போட ஒவ்வொரு தடவையும் 5 கிலோ தாவ வேண்டும். தோளுக்கும் நெஞ்சுக்கும் அது பெரிய தாவல்.

அப்புறம் பாரின் எடை. போட்டிகளில் ஆண்கள் பார் 20 கிலோ, பெண்கள் பார் 15 கிலோ. பெண்கள் பார் கொஞ்சம் மெல்லியது, 28 மில்லிமீட்டருக்குப் பதில் 25, அதனால் சிறிய கைக்கு நன்றாகப் பிடிபடும். பேட்டை ஜிம்களில் கிடக்கும் ராடுகளின் எடை எதுவாகவும் இருக்கலாம், டிரெய்னருக்கே தெரியாமல் இருக்கலாம். பாரைப் பிடித்துக்கொண்டு வெயிங் மெஷினில் ஒரு முறை ஏறுங்கள், பார் இல்லாமல் ஒரு முறை ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு எண் தெரியாவிட்டால் அதன் பிறகு எழுதுகிற கணக்கு எல்லாமே தப்பு.

ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கும்போது இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்கலாம். அது சோம்பலும் இல்லை, பலவீனமான மனசும் இல்லை. பி.பி., இதயக் கோளாறு, டிஸ்க் பிரச்சினை, கர்ப்பம், சமீபத்தில் பிரசவம் ஆனவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

பெர்சனல் டிரெய்னிங்குக்குத் தனிப் பணம். 24, 36 செஷன் என்று ஒரே மூச்சில் விற்கப் பார்ப்பார்கள். இருப்பதிலேயே சிறிய பேக்கேஜை எடுங்கள். சான்றிதழ் கேட்கத் தயங்க வேண்டாம். ஏ.சி.இ., ஏ.சி.எஸ்.எம்., என்.எஸ்.சி.ஏ. போன்ற அமைப்புகள் தரும் டிரெய்னர் சான்றிதழ்களில் ஒன்று இருந்தால் நல்லது, சி.பி.ஆர். (இதயம் நின்றால் நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சி கட்டாயம். ஆனால் சான்றிதழைவிட எனக்கு அதிகம் சொன்ன கேள்வி வேறு: “உங்களிடம் வரும் பெண்களில் யார் அதிகமாகத் தூக்குகிறார், எத்தனை கிலோ?” உடனே ஒரு எண் வந்தால் உட்கார்ந்து பேசலாம். “லேடீஸ் வெயிட் லாஸுக்குத்தானே வருவாங்க” என்று வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

முதல் எட்டு வாரம்

வாரம் மூன்று நாள் போதும், இரண்டு நாள்தான் முடியும் என்றால் அதுவும் நல்லதே. தசையை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்கள் எல்லோருக்கும் சொன்ன அளவு.

நான்கு அசைவு கற்றுக்கொள்ளுங்கள்: உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது. ஜிம் மொழியில் ஸ்குவாட், டெட்லிஃப்ட், பிரஸ், ரோ. ஸ்குவாட்டை, ஒரு டம்பெல்லை நெஞ்சோடு நிறுத்திப் பிடிக்கும் கோப்ளெட் ஸ்குவாட்டில் தொடங்கினால் உடம்பு தானாகவே நேராக நிற்கும். 6 அல்லது 8 கிலோ போதும். ஒவ்வொன்றிலும் மூன்று செட், செட்டுக்கு எட்டு ரெப். ரெப் என்றால் ஒரு தடவை தூக்கி இறக்குவது, நிற்காமல் செய்யும் ரெப்புகளின் ஒரு சுற்று ஒரு செட். ஐந்தாறு வாரம் கழித்து எடையை ஏற்றி ரெப்பை ஐந்தாகக் குறைக்கலாம்.

எவ்வளவு எடை என்பதற்கு எளிய அளவுகோல் உண்டு. செட் முடிந்ததும் “இன்னும் எத்தனை முடிந்திருக்கும்?” என்று உங்களையே கேளுங்கள். இரண்டு மூன்று என்றால் எடை சரி. பத்து என்றால் எடை குறைவு. ஒன்றுகூட முடியாது என்றால் இந்தக் கட்டத்தில் அது அதிகம். இரண்டு தடவை தொடர்ந்து எல்லா ரெப்பும் சுத்தமாக வந்தால், அடுத்த தடவை 2.5 கிலோ ஏற்றுங்கள்.

செட்டுக்கு நடுவே இரண்டு, மூன்று நிமிடம் உட்காருங்கள். இங்கேதான் முதல் உரசல் வரும். வியர்வை கொட்டினால்தான் பயிற்சி என்று பல டிரெய்னர்கள் நினைக்கிறார்கள், உட்கார்ந்தால் “சலோ மேடம்” என்பார்கள். மூச்சுத் திணறலோடு அடுத்த செட்டுக்குப் போனால் தசையின் பலம் தெரியாது, மூச்சின் பலம்தான் தெரியும். நடக்கவும் ஓடவும் வேறு நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம்.

நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, பயிற்சி, பாரோடு சேர்த்து எடை, ரெப், ஒரு வரியில் எப்படி இருந்தது என்பது. என்னுடையது 80 பக்கக் கோடு போட்ட நோட்டு, ஓரமெல்லாம் கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பவுடர் அப்பியிருக்கும். மொபைலில் எழுதினால் டிரெய்னர் பார்க்க மாட்டார். நோட்டைத் திறந்து முன்னால் வைத்தால் பார்த்தே ஆக வேண்டும். பின்னால் வாக்குவாதம் வரும்போது உங்கள் பக்கம் பேசப்போவது இந்த நோட்டுதான்.

ஒத்துப்போகாத இடங்கள்

டிரெய்னர் எடையை ஏற்றாதே என்றால் நான் கேட்பது ஒன்றே ஒன்று: “ஏன்?” சண்டைக்காரக் குரலில் வேண்டாம், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். இந்தியில் நான் சொல்வது: “சர், அபி கா செட் தேக்கே பதாயியே, கல்தி கஹாங் தி?” இப்போது செய்த செட்டைப் பார்த்துச் சொல்லுங்கள், தப்பு எங்கே?

அவர் சொல்லும் காரணம் உங்கள் செட்டைப் பற்றியதா, பெண்களைப் பற்றியதா என்று கவனியுங்கள். “நாலாவது ரெப்பில் முட்டி உள்ளே சாய்ந்தது”, “குதிகால் தூக்குகிறது”, “மூச்சை விட்டுவிட்டுத் தூக்குகிறீர்கள்” என்பவை உங்கள் செட்டைப் பார்த்தவர் சொல்வது. கேளுங்கள், அன்றைக்கு எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். “லேடீஸ் இவ்வளவு தூக்க மாட்டாங்க”, “உங்க வயசுக்கு எதுக்கு” என்பவை உங்கள் செட்டைப் பார்க்காதவரும் சொல்லக்கூடியவை. இதற்கு எடையைக் குறைக்க வேண்டியதில்லை.

என்னுடைய ஒரு சண்டையைச் சொல்கிறேன். இரண்டாவது வருடம், டெட்லிஃப்ட் 50 கிலோ. டிரெய்னர் நிறுத்தச் சொன்னார். மறுபடியும் அதே பாட்டு என்று எனக்குக் கோபம். “ஃபார்ம் போய்விட்டது” என்றார், அதாவது தூக்கும் முறை கெட்டுவிட்டதாம். இல்லவே இல்லை என்றேன். கடைசியில் மொபைலைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து, இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுத்தோம். பார்த்தால் பார் தரையை விட்டு எழும் அந்த நொடியில் என் கீழ்முதுகு பூனை முதுகு மாதிரி வளைகிறது. அவர் சொன்னது சரிதான். நான் அதை உணரவே இல்லை.

ஆனால் 30 கிலோவுக்கு இறங்குங்கள் என்றதை நான் ஏற்கவில்லை. ஏனென்றால் 30 கிலோ எடுத்த பழைய வீடியோவிலும் அதே வளைவு கொஞ்சம் இருந்தது. அப்போதுதான் இருவரும் பாரைப் பார்த்தோம். போட்டிகளில் பயன்படும் பெரிய பிளேட்டுகளின் விட்டம் 450 மில்லிமீட்டர், அவற்றை மாட்டினால் பார் தரையிலிருந்து 22 சென்டிமீட்டருக்கு மேல் நிற்கும், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில். நாங்கள் மாட்டியிருந்தது சின்ன இரும்பு பிளேட்டுகள். பார் கிட்டத்தட்ட கணுக்காலில் கிடந்தது. அவ்வளவு கீழே போய் எடுக்க என் இடுப்பு மடங்கவில்லை, அதனால் முதுகு மடங்கியது. இரண்டு பக்கமும் ஏரோபிக்ஸ் ஸ்டெப்பர் (ஏறி இறங்கப் பயன்படும் தாழ்வான பலகை) வைத்து அதன் மேல் பிளேட்டை ஏற்றினோம். 45 கிலோவில் முதுகு பலகை மாதிரி நின்றது. மூன்று வாரத்தில் மறுபடி 50. என் நோட்டின் அந்தப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் இந்தியில் ஒரு வரி இருக்கிறது: “பார் மேலே, ஸ்டெப்பர் வைக்கவும்.” எடை குறைவான பிளேட்டில் டெட்லிஃப்ட் தொடங்கும் எல்லாப் பெண்களுக்கும் இது பொருந்தும், முதல் நாளே பாரை உயர்த்தி வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி அடிக்கடி காதில் விழுபவை.

“ஆம்பளை மாதிரி ஆயிடுவீங்க.” தசை பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களைவிட ஆண்களுக்குப் பத்து மடங்குக்கும் மேல். அவ்வளவு இருந்தும் வருடக்கணக்கில் ஜிம்முக்குப் போகும் பையன்கள் எத்தனை பேர் மலை மாதிரி ஆகிவிட்டார்கள் என்று சுற்றிப் பாருங்கள். மீராபாய் சானு 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியது 49 கிலோ எடைப் பிரிவில். 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார், தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அவர் எவ்வளவு சின்ன உருவம் என்று நாடே பார்த்தது. நம் பக்கத்தில் திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு நடக்கும் இளவட்டக்கல் போட்டியில் பெண்களும் கல் தூக்குகிறார்கள். டிரெய்னரிடம் அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறேன், இரண்டு தடவை கேட்டு வாங்கிப் பார்த்தார்.

“இந்த வயதில் எலும்பு தாங்காது.” 2018-இல் வெளியான லிஃப்ட்மோர் என்ற ஆஸ்திரேலிய ஆய்வைச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்று, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள். ஒரு பாதிக்கு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம், கண்காணிப்போடு டெட்லிஃப்ட், ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ். அதுவும் ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற உச்ச எடையில் 85 சதவீதத்துக்கு மேல், ஐந்து செட், ஐந்து ரெப். அவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்த மற்றவர்களுக்குக் கூடவில்லை. அங்கேயும் முதல் மாதம் குறைந்த எடையில் அசைவைக் கற்றுக்கொடுத்துத்தான் ஏற்றினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதுதான் நேர்மை. செம்பூர் சேடா நகர் முருகன் கோவிலின் 108 படியை ஒரு காலத்தில் நிற்காமல் ஏறிய என் அம்மா, எழுபது வயதில் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்தபோதுதான் எனக்கு இந்த விஷயம் மனதில் ஆழமாகப் பதிந்தது.

“ஸ்குவாட்டில் முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது.” இது பெண்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் சொல்லப்படுவது. முட்டியைப் பலவந்தமாகப் பின்னால் நிறுத்தினால் பாரம் இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் போகிறது என்று 2003-இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். படி இறங்கும்போது உங்கள் முட்டியைப் பாருங்கள், விரலைத் தாண்டித்தான் போகும். குதிகால் தரையில் பதிந்திருக்கிறதா, முட்டி உள்ளே சாயாமல் விரல் நோக்கிப் போகிறதா என்பதைப் பார்த்தால் போதும்.

“கர்ப்பப்பை இறங்கிடும்டி” என்பது மாமியார் சொன்னது, டிரெய்னர் அல்ல. இதை மட்டும் நான் ஒதுக்கித் தள்ளுவதில்லை. பிரசவத்துக்குப் பிறகு இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்ந்திருக்கலாம். தூக்கும்போது சிறுநீர் கசிந்தாலோ, கீழே ஏதோ இறங்குவது போல் கனத்தாலோ, எடையைக் குறைத்துவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அந்தத் தசைகளுக்கென்றே பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டுகள் மும்பையில் இருக்கிறார்கள். ஆண் டிரெய்னரிடம் இதை எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு தொடராதீர்கள். “டாக்டர் குறைக்கச் சொன்னார்” என்று சொன்னால் போதும், விளக்கம் தர வேண்டியதில்லை. பீரியட்ஸ் நாளில் உடம்பு ஒத்துழைத்தால் தூக்கலாம், முடியாவிட்டால் விடலாம். அதை முடிவு செய்வது நீங்கள்.

காரணம் கேட்டும், வீடியோ காட்டியும் உடன்பாடு வரவில்லை என்றால் ஒரு தவணை கேளுங்கள்: “இரண்டு வாரம், வாரத்துக்கு 2.5 கிலோ மட்டும் ஏற்றிப் பார்ப்போம். ஃபார்ம் கெட்டால் நானே இறக்கிவிடுகிறேன்.” நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டால் மறுப்பது கடினம். என் முதல் டிரெய்னர் ஸ்குவாட்டில் 20 கிலோவைத் தாண்ட விடாமல் நான்கு மாதம் பிடித்து வைத்திருந்தார். இந்தப் பேச்சுக்குப் பிறகு பத்து வாரத்தில் 40 ஆனது.

நீங்கள் மறுக்க வேண்டிய இடங்கள்

எடை போதவில்லை என்பது மட்டும் பிரச்சினை அல்ல, அளவுக்கு மீறியதும் வரும். முதல் நாளே 200 ஸ்குவாட் செய்யச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். பழக்கமில்லாத தசையை அப்படிப் பிழிந்தால் அது சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை வீங்கித் தாங்க முடியாமல் வலித்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாளுக்குத் தள்ளக் கூடாது. சாதாரணத் தசைவலி ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கிவிடும். மூட்டில் குத்துகிற வலி, காலுக்கு இறங்குகிற மின்னல் வலி, மரத்துப்போவது எல்லாம் வேறு. அவற்றோடு இன்னொரு ரெப் எடுக்காதீர்கள், யார் “ஏக் அவுர்” என்று கத்தினாலும் சரி.

தொடுவது பற்றி முதல் நாளே பேசிவிடுங்கள். “சொல்லிவிட்டுத் தொடுங்கள், முடிந்தவரை வாயால் திருத்துங்கள்” என்றால் நல்ல டிரெய்னர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஸ்குவாட்டில் பின்னால் ஒட்டி நின்று பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, சேஃப்டி ராடு அதற்குத்தான் இருக்கிறது. பெஞ்சில் படுத்து பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் தலைப்பக்கம் நின்று பாரைப் பிடித்தால் போதும். மனதுக்கு நெருடினால் அன்றே மேனேஜரிடம் எழுத்தில் கொடுங்கள். 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் அங்கே வேலை செய்பவர்களுக்கு மட்டுமானது அல்ல, அந்த இடத்துக்கு வரும் பெண்ணும் அதன்கீழ் புகார் தரலாம்.

ஃபேட் பர்னர், ஊசி, பெயர் தெரியாத டப்பா எதையும் டிரெய்னரிடம் வாங்க வேண்டாம். புரோட்டீன் சாப்பாட்டிலிருந்தே தொடங்கட்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் பனீரில் 18, உலர்ந்த சோயா சங்க் (மீல் மேக்கர்) 50 கிராமில் 25. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இட்லி, சாதம், ரசம் என்று போகும் நம் வீட்டுத் தட்டில் அந்தக் கணக்கு தானாக வராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

டிரெய்னரை மாற்றுவது

இதையெல்லாம் செய்தும் ஒருவர் கேட்கவே இல்லை என்றால், மாற்றிவிடுங்கள். அவர் மனசு வருத்தப்படுமே என்று பெண்கள் மாதக்கணக்கில் இழுக்கிறார்கள், நானும் அப்படி ஐந்து மாதம் இழுத்தேன். மேனேஜரிடம் “என் இலக்கு பலம், அவருடைய முறை வேறு, எனக்கு இன்னொருவர் வேண்டும்” என்று சொன்னால் போதும். குறை சொல்லிப் பட்டியல் போட வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்பதாக இருந்தால் வாயால் கேட்காதீர்கள். ரசீது எண், வாங்கிய செஷன், முடிந்த செஷன், மீதம், காரணம் எல்லாம் போட்டு ஈமெயில் அனுப்புங்கள், 15 நாள் தவணை கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். எங்கள் மாடியில் இருக்கும் அக்கா ஒருவர் 24 செஷனுக்குப் பணம் கட்டி, ஒன்பது முடிந்ததும் ஒத்துவராமல் நிறுத்தினார். “ரீஃபண்ட் பாலிசி கிடையாது” என்றார்கள். ஈமெயில் போட்டார், பிறகு 1915. பணம் வரவில்லை, ஆனால் மீதி 15 செஷனை அதே ஜிம்மில் ஒரு பெண் டிரெய்னரிடம் மாற்றிக் கொடுத்தார்கள். போன செவ்வாய்க்கிழமை 42.5 கிலோ ஸ்குவாட் செய்தார். ஐந்து ரெப், குதிகால் தரையில்.